பன்னிரண்டாம் தளம்

இடப்பக்கமாகப் படுங்கள், முழங்காலை மடக்குங்கள் என்றேன்.
படுப்பதற்கு அவருக்கு நான்கு நிமிடம் ஆனது.
வெளியே ஈசூனில் வெயில்.
எக்ஸ்ரே அறை மூன்றில் எப்போதும் மார்கழி.

திரு சிங்கவேலு, அறுபத்து நான்கு.
முப்பத்தோராண்டு புளோக் புளோக்காக
லிஃப்ட் பழுது பார்த்தவர்.
விழுந்தீர்களா?
"விழல. அரிசிப் பை, அஞ்சு கிலோ.
தூக்குறப்ப உள்ள 'டக்'குனு ஒரு சத்தம்,
ரிலே விழுற மாதிரி."
கால்சட்டையெல்லாம் ஒரு வருடமாய் நீண்டுவிட்டதாம்.
லாண்டரிக்காரனைத் திட்டியிருக்கிறார்.

மற்றப் படங்களுக்கு மூச்சைப் பிடிக்கச் சொல்வேன்,
ஒரே நாளில் நான்கு மொழிகளில்.
நெஞ்சு முதுகுக்கு மட்டும் வேறு:
மெல்ல விடுங்கள், மெல்ல இழுங்கள்,
நிறுத்தாதீர்கள்.
விலா எலும்புகள் அசைந்து அசைந்து மங்கிப்போகும்.
அசையாதது மட்டும் தெளிந்து நிற்கும்.

கீழிருந்து எண்ணினேன்.
இடுப்பில் ஐந்து. அதற்கு மேல் விலா தாங்கும் பன்னிரண்டு.
அந்தப் பன்னிரண்டாவது
முன்பக்கம் அமுங்கி ஆப்பாகியிருந்தது,
மழையில் நனைந்த அட்டைப்பெட்டி போல.
அதற்கடுத்த கீழ் எலும்பின் மேல்தட்டில்
கட்டைவிரல் அழுத்தியதுபோல் ஒரு குழிவு.

போன மாதம் எடுத்த அடர்த்தி ஸ்கேன்
மைனஸ் இரண்டு புள்ளி ஒன்று என்றது.
எல்லைக்கு இந்தப் பக்கம்தான்.
வயதில் முளைத்த எலும்பு முனைகளையும் சேர்த்துக் கூட்டி
எண் கொஞ்சம் நல்ல பெயர் வாங்கியிருந்தது.
இருபது வருட ஆஸ்துமா, அதற்கு ஸ்டீராய்டு மாத்திரை:
அது எண்ணில் வராது.
"இது பொம்பளைங்க நோயில்லையா?" என்றார்
சுவரைப் பார்த்தபடி.

பழையதா, புதியதா? டாக்டர் ஓங் கேட்டார்.
எக்ஸ்ரேக்குத் தேதி தெரியாது.
எம்ஆர்ஐக்கு அனுப்பினார்கள்.
கொழுப்பின் ஒளியை அணைத்துவிட்டு
ஈரத்தை மட்டும் எரியவிடும் படம்.
கீழெலும்பு வெள்ளையாய் எரிந்தது,
நள்ளிரவில் எதிர் புளோக்கில்
ஒரே ஒரு வீட்டில் விளக்குப்போல.
பன்னிரண்டில் இருட்டு.
எப்போதோ உடைந்து, எப்போதோ ஆறி,
வீட்டைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தது வலி.

எப்போது?
பழைய படங்களைத் தேடினேன்.
இரண்டு வருடத்துக்கு முன், இருமலுக்கு,
பக்கவாட்டில் ஒரு நெஞ்சுப் படம்.
அறிக்கை: நுரையீரல் தெளிவு. இதயம் அளவானது.
இரண்டு வரிதான். இரண்டும் உண்மை.
இதய நிழலுக்குப் பின்னால், படத்தின் அடியோரம்,
பன்னிரண்டு அன்றே சாய்ந்திருந்தது,
வரிசையில் ஒருவர் மட்டும் தலைகுனிந்து நிற்பதுபோல.
அன்றே யாராவது பார்த்திருந்தால்
ஊசியோ மாத்திரையோ தொடங்கியிருக்கலாம்.
அரிசிப் பை வெறும் அரிசிப் பையாக இருந்திருக்கலாம்.
இருக்கலாம்.

மூலையில், பக்கம் குறிக்க ஒட்டும் ஈய எழுத்து.
அதன் அடியில், எடுத்தவரின் முதலெழுத்துகள்:
எம். என்.

முத்தழகி நடேசன்.
நான்தான்.

முகம் நினைவில்லை.
அன்றைக்கு எத்தனை இருமல்களோ.
கேட்ட கேள்விக்குப் படம் எடுப்பது என் வேலை,
படத்தைப் படிப்பது வேறொருவர் வேலை.
இதை எனக்கு நானே மூன்று முறை சொன்னேன்.
மூன்றாவது முறை சீன மொழியில் சொன்னேன்,
எந்தக் காரணமும் இல்லாமல்.

டாக்டர் ஓங் திரையைத் திருப்பிக் காட்டினார்.
நான் அறையின் ஓரத்தில், பெயரட்டை திரும்பியபடி.
சிங்கவேலு கண்ணாடியை மாட்டிக்கொண்டு
எலும்பெலும்பாக ஏறிப் பார்த்தார்.
பிறகு ஆங்கிலத்தை விட்டுவிட்டு என்னிடம்:
"லிஃப்ட் வந்து நின்னா தரை சமமா இருக்கணும்மா.
பத்து மில்லிமீட்டர். அதுக்கு மேல போனா
கதவத் தொறக்க விடமாட்டோம்."
நகத்தால் பன்னிரண்டைத் தட்டினார்.
"இத யாரு பாஸ் பண்ணுனது?"

கேலியாகத்தான் கேட்டார். சிரித்தார்.
சிரித்ததில் முதுகு வலித்து, பாதியில் நிறுத்தினார்.
சட்டைப் பைக்குள் என் விரலில்
ஈய எழுத்தின் ஒட்டுநாடாப் பிசுக்கு.
இன்னும் சொல்லவில்லை.

மூன்று மணிக்கு அடுத்தவர். மேடம் ரொஹாயா, இருமல்.
தாரிக் நஃபஸ், மேடம். தஹான்.
படம் விழுந்ததும் நுரையீரலுக்கு முன்
முதுகை எண்ணத் தொடங்கினேன், கீழிருந்து.
பதினொன்றில் இருக்கும்போது
யாரோ கதவைத் தட்டினார்கள்.